சில்லுச் சப்பாத்தும் மாரி மழையும்

போன ஐப்பசியில் ஒரு பின்னேரம், நாங்கள் இரண்டு பேரும் நடுறோட்டில் அடுத்தடுத்து விழுந்தோம். நாங்கள் என்றால் அக்காவும் தம்பியும். இரண்டு பேருக்கும் முப்பது தாண்டிவிட்டது. காலில் றோலர் பிளேட். மழை விட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. றோட்டு காய்ந்துவிட்டது போலத்தான் தெரிந்தது. பாதசாரிக் கடவையின் பெயின்ற் கோட்டில் சில்லு ஏறியதும் கால் ஒரு பக்கம் போனது, நாங்கள் மற்றப் பக்கம் போனோம்.

மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் கேட்டார்: "என்ன பிள்ளையள், இந்த வயசில உதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு?"

அவர் எங்களை ஏசவில்லை. உண்மையாகவே அறியத்தான் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. எழும்பி, முழங்காலைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். அடுத்த இரண்டு கிழமையும் மழை. வெளியில் இறங்க ஏலாது. சும்மா இருந்த நேரத்தில் இந்தச் சில்லுச் சப்பாத்தின் கதையைத் தேடி வாசித்தோம். ஆச்சியின் கேள்விக்கும் எங்கட விழுகைக்கும் அந்தக் கதைக்குள் பதில் இருந்தது. இது ஒருநாளும் சின்னப்பிள்ளைகளுக்கென்று தொடங்கின விளையாட்டில்லை. தண்ணீரோடு இதற்கு இருக்கிற பிரச்சினையும் இன்றைக்கு நேற்றைக்கு வந்ததில்லை.

கண்ணாடிக்குள் போய் விழுந்தவர்

கதை 18ஆம் நூற்றாண்டு லண்டனில் தொடங்குகிறது. ஜோன் ஜோசப் மெர்லின் என்றொருவர். 1735இல் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஊய் என்ற ஊரில் பிறந்து, 1760இல் லண்டனுக்கு வந்தவர். மணிக்கூடு, இசைக்கருவி, தானாக ஆடும் பொம்மை என்று எந்த இயந்திரத்திலும் கை வைக்கக்கூடிய மனிதர். வெள்ளியால் செய்த அன்னம் ஒன்று தலையைத் திருப்பி மீன் பிடிப்பது போல ஆடும் புகழ்பெற்ற இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதன் உருவாக்கத்திலும் இவருடைய கை உண்டு.

இவர் சில்லுப் பூட்டிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, வயலினும் வாசித்தபடி, சோஹோ சதுக்கத்தில் இருந்த கார்லைல் மாளிகையின் முகமூடி விருந்துக்குள் உருண்டு போனாராம். வேகத்தைக் குறைக்கவும் திரும்பவும் வழி இல்லை. நேராகப் போய் 500 பவுணுக்கு மேல் பெறுமதியான பெரிய கண்ணாடி ஒன்றில் மோதினார். கண்ணாடி தூளானது, வயலின் உடைந்தது, அவருக்கும் பலத்த காயம். இந்தக் கதை அவர் இறந்து இருபது வருஷத்துக்குப் பிறகு, 1825இல் தோமஸ் பஸ்பி வெளியிட்ட இசைத்துறைக் கதைத் தொகுப்பொன்றில் வருகிறது. கொஞ்சம் உப்புப் புளி சேர்ந்திருக்கலாம். ஆனால் சில்லுச் சப்பாத்து போட்ட எவரும் இதை நம்புவார்கள். ஓடுறது ஒரு நாளில் வந்துவிடும். நிற்கப் பழகத்தான் கன நாள் எடுக்கும்.

இதில் முக்கியமான விஷயம், மெர்லின் வளர்ந்த மனிதர் என்பது. அந்த விருந்தில் இருந்தவர்களும் வளர்ந்தவர்களே.

பனி இல்லாத காலத்துக்காக

ஐரோப்பாவின் குளிர்நாடுகளில் வாய்க்காலும் குளமும் உறைந்தால் மக்கள் இரும்புத் தகடு பூட்டிய சப்பாத்தோடு அதன் மேல் சறுக்குவார்கள். நெதர்லாந்தில் அது விளையாட்டு மட்டுமில்லை, ஓர் ஊரிலிருந்து மற்ற ஊருக்குப் போகிற வழியும்கூட. ஆனால் பனி உருகினால் எல்லாம் முடிந்தது. உருகின பிறகும் சறுக்க வேணும் என்ற ஆசையிலிருந்துதான் சில்லு வந்தது.

1819இல் பாரிஸில் பெதிபிளே என்பவர் ஒரே வரிசையில் மூன்று சில்லு வைத்த சப்பாத்துக்குக் காப்புரிமை எடுத்தார். 1823இல் லண்டனின் பிக்கடிலியில் பழக்கடை வைத்திருந்த றொபேட் ஜோன் டயர்ஸ், ஒரே வரிசையில் ஐந்து சில்லு வைத்து 'வொலிற்றோ' என்று பெயர் சூட்டினார். நடுச்சில்லுகளைப் பெரிதாக வைத்தார். அப்போதுதான் உடம்பைச் சரித்துக் கொஞ்சமாவது திரும்ப முடியும். இன்றைக்கு நாங்கள் புதுசு என்று நினைக்கிற ஒற்றை வரிசைச் சில்லு, உண்மையில் நான்கு மூலைச் சில்லை விடப் பழையது.

1849இல் பாரிஸ் ஒப்பராவில் மேயர்பேரின் 'லு புரொபேற்' மேடையேறியது. அதில் உறைந்த ஏரியில் ஆட்கள் சறுக்கும் காட்சி வருகிறது. மேடையில் பனிக்கு எங்கே போவது? நடனக்காரர் சில்லுச் சப்பாத்து போட்டுக்கொண்டு பனியில் சறுக்குவது போல ஆடினார்கள். மேடை மரத்தரை, மேலே கூரை. சில்லுக்கு என்ன தேவை என்பது அங்கேயே தெளிவாகிவிட்டது. தரை மட்டமாக இருக்கவேணும், தண்ணீர் படக்கூடாது.

தரையும் கூரையும்

1863இல் நியூயோர்க்கில் தளபாட வியாபாரம் செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் பிளிம்ப்டன், சப்பாத்தின் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு சில்லு வைத்து, இடையில் இறப்பர் மெத்தை கொடுத்தார். இனி ஒரு பக்கம் உடம்பைச் சரித்தால் சப்பாத்தும் அந்தப் பக்கம் திரும்பும். அப்போது அவருக்கு 35 வயது. உடம்புக்கு நல்லது என்று வைத்தியர் சொல்லித்தான் பனிச்சறுக்கலுக்கே போனவர் அவர். கோடையிலும் அதை விடக்கூடாது என்பதற்காகச் சில்லை யோசித்தார். ஆச்சியை அடுத்த முறை கண்டால் முதலில் சொல்லப் போவது இந்தக் கதையைத்தான்.

பிளிம்ப்டன் சப்பாத்தோடு நிற்கவில்லை. 1866இல் றோட் தீவு மாநிலத்தின் நியூபோர்ட்டில், அற்லாண்டிக் ஹவுஸ் என்ற ஹோட்டலின் மண்டபத்தைச் சறுக்குமண்டபம் ஆக்கினார். ஆண்களும் பெண்களும் ஒன்றாக வந்து பொழுதுபோக்கும் மரியாதையான இடமாக அதை நடத்தினார். 1870களில் இந்தப் பைத்தியம் பிரித்தானியாவுக்கும் போனது. ஊருக்கு ஊர் மண்டபம் எழும்பியது. 'றிங்கோமேனியா' என்று பத்திரிகைகள் அதற்குப் பெயரே வைத்தன. இளம் ஆணும் பெண்ணும் பெரியவர்களின் கண்ணுக்கு முன்னால் கைகோர்த்துக்கொண்டு உருளக்கூடிய இடம், அந்தக் காலத்தில் வேறு எத்தனை இருந்திருக்கும்?

அதே பத்தாண்டில் சில்லுக்குள்ளும் ஒரு மாற்றம் நடந்தது. 1877இல் பேர்மிங்காமில் ஜோசப் ஹென்றி ஹியூஸ், சைக்கிளுக்கும் வண்டிக்கும் பொருந்தும் போல் பெயரிங்குக்குக் காப்புரிமை எடுத்தார். 1884இல் அமெரிக்காவில் லெவன்ற் றிச்சட்சன் உருக்குக் குண்டுகளை ஸ்கேற் சில்லுக்குள் வைத்தார். சைக்கிளும் சில்லுச் சப்பாத்தும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி வளர்ந்தவை. இது பிறகு எங்களுக்கு உதவப் போகிறது.

சின்னப்பிள்ளைச் சாமான் ஆனதும் திரும்பி வந்ததும்

அப்படியென்றால் இது எப்போது சின்னப்பிள்ளை விளையாட்டானது? 20ஆம் நூற்றாண்டில். சப்பாத்தின் மேல் கொழுவித் திறப்பால் இறுக்கும் மலிவான உலோக ஸ்கேற்றுகள் அமெரிக்க நகரங்களின் நடைபாதைகளில் பிள்ளைகளின் காலுக்கு வந்தன. பெரியவர்கள் காருக்குப் போனார்கள். ஒரு சாமான் மலிந்து பிள்ளைகளின் கைக்குப் போனால், அது பிள்ளைகளுக்காகவே பிறந்தது என்று அடுத்த தலைமுறை நினைத்துவிடுகிறது.

1970களில் பொலியூறதேன் என்ற பிளாஸ்ரிக் சில்லு வந்தது. உலோகச் சில்லை விட இது தரையைப் பிடிக்கும், அதிர்ச்சியையும் தாங்கும். வளர்ந்தவர்கள் டிஸ்கோப் பாட்டோடு மண்டபத்துக்குத் திரும்பி வந்தார்கள். 1980ஐ ஒட்டி, அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்தில் ஐஸ் ஹொக்கி விளையாடும் ஸ்கொற், பிறெனன் ஒல்சன் என்ற இரண்டு சகோதரர்கள், விளையாட்டுச் சாமான் கடையொன்றில் பழைய ஒற்றை வரிசை ஸ்கேற் ஒன்றைக் கண்டார்கள். பனி இல்லாத மாதங்களில் பயிற்சி எடுக்க உகந்தது என்று அதைத் திருத்தி விற்கத் தொடங்கினார்கள். 'றோலர்பிளேட்' என்ற பெயர் அங்கிருந்துதான் வருகிறது. அது ஒரு கொம்பனியின் பெயர். எல்லாப் பற்பசையையும் 'சிக்னல்' என்று கேட்டு வாங்குகிற மாதிரி, உலகமே எல்லா ஒற்றை வரிசை ஸ்கேற்றையும் இந்தப் பெயரால் அழைக்கிறது.

1990கள் இதன் பொற்காலம். 1995இல் தொடங்கிய எக்ஸ் கேம்ஸ் போட்டியில் இதற்கும் இடம் இருந்தது. அதே ஆண்டு கார்த்திகை, மார்கழியில் பிரான்சில் அரசின் ஓய்வூதியச் சீர்திருத்தத்துக்கு எதிராகப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. வாரக்கணக்காக றெயினும் மெற்றோவும் ஓடவில்லை. பாரிஸ் சனங்கள் நடந்தார்கள், சைக்கிளில் போனார்கள், சில்லுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போனார்கள். ஏற்கெனவே 1994இலிருந்து வெள்ளிக்கிழமை இரவுகளில் ஒரு சிறு கூட்டம் நகரைச் சுற்றி உருண்டுகொண்டிருந்தது. அது ஆயிரக்கணக்கானோர் சேரும் ஊர்வலமாக வளர்ந்தது. ஏறக்குறைய 30 கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம். கார்களை மறித்துப் பொலிசாரே வழி விடுவார்கள். அந்தப் பொலிசாரில் சிலரும் சில்லில்தான் வருவார்கள்.

ஆனால் இவ்வளவு பெரிய ஊர்வலத்துக்கும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. வீதி ஈரமென்றால் அன்றைக்கு ஊர்வலம் இல்லை. பொலிஸ் இருந்தென்ன, கூட்டம் இருந்தென்ன, மழை பெய்தால் எல்லாரும் வீட்டுக்கு. அதை வாசித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

எங்கட தொண்ணூறுகள்

உலகம் உருண்டுகொண்டிருந்த அந்த 1990களில் யாழ்ப்பாணம் பொருளாதாரத் தடைக்குள் இருந்தது. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, சீமெந்து இல்லை. சைக்கிள் டைனமோவைக் கையால் சுத்தி றேடியோ கேட்ட கதை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. தரையை மெழுகச் சீமெந்தே வராத ஊரில் சில்லுச் சப்பாத்தைப் பற்றி யார் நினைப்பது? அந்தப் பத்தாண்டில் பிள்ளைகளாக இருந்த எங்கட பெரிய மச்சான்மார், மச்சாள்மாருக்கு இது இழப்பாகக்கூடத் தெரியாது. இப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது, ஏ9 பாதை திறந்தது. வெளிநாட்டுச் சொந்தங்கள் ஊருக்கு வரத் தொடங்கின. 2003இல் ரொறன்ரோவிலிருந்து வந்த மாமா, தன்ர பிள்ளைகளுக்கு அளவில்லாமல் போன இரண்டு சோடி றோலர் பிளேட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அங்கே அதற்கு அப்போது மவுசு போய்விட்டது. இரண்டு வருஷம் கழித்து எக்ஸ் கேம்ஸும் அதைக் கைவிட்டது. அங்கே பழசானது இங்கே புத்தம்புதுசாக இறங்கியது. பள்ளிக்கூடத்து வலைப்பந்துத் திடலின் சீமெந்துத் தரையில், ஆளுக்கு ஆள் பிடித்துக்கொண்டு பழகினோம். ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாருக்கும் முறை வைத்துக் கொடுத்தோம்.

2006 ஆவணியில் ஏ9 மூடப்பட்டது. அதற்குப் பிறகு பின்னேரங்களில் வெளியில் நிற்கிற பழக்கமே போனது. கால்களும் வளர்ந்துவிட்டன. சப்பாத்து எப்போது, யாரிடம் போனது என்று இரண்டு பேருக்கும் ஞாபகமில்லை.

போன வருஷம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஆளுக்கொரு சோடி வாங்கினோம். போருக்குப் பிறகு போட்ட காப்பெற் றோட்டு வாசலுக்குக் கிட்ட வந்திருக்கிறது. ஒன்பது வயதில் விட்டதை முப்பதில் தொட்டால் உடம்பு மறந்திருக்கவில்லை. பயம் மட்டும் புதுசு. ஒன்பது வயதில் விழுந்தால் அழுகை வரும், அவ்வளவுதான். இப்போது விழமுதலே அடுத்த நாள் வேலையும் ஆஸ்பத்திரிச் செலவும் மனதில் ஓடுகின்றன. ஆர் பார்த்துச் சிரிப்பினம் என்றும் ஓடுகிறது. ஆச்சியின் கேள்வி சுட்டது அதனால்தான். நாங்களே எங்களிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

ஈரத்தில் ஏன் வழுக்குகிறது?

பனியும் வழுக்கும்தானே, அங்கே மட்டும் எப்படிச் சறுக்குகிறார்கள் என்று தம்பி கேட்டான். விடை தகட்டின் விளிம்பில் இருக்கிறது. பனிச்சப்பாத்தின் கூரான விளிம்பு பனிக்குள் வெட்டி இறங்கிப் பிடித்துக்கொள்ளும். சில்லுக்கு அப்படி விளிம்பு இல்லை. அது றோட்டோடு உராய்ந்துதான் பிடிக்கிறது. இடையில் ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம் வந்தால் பிடி விட்டுப்போகும். உறைந்த தண்ணீருக்கு மாற்றாக வந்த சில்லு, உறையாத தண்ணீரில் தோற்கிறது. இருநூறு வருஷமாக எந்தக் காப்புரிமையும் இதை முழுதாகத் தீர்க்கவில்லை. கூரை போட்டார்கள், அல்லது காய்கிற வரை காத்திருந்தார்கள்.

எங்களுக்குக் கூரை போட்ட மண்டபம் இல்லை. வடகீழ்ப் பருவமழை ஐப்பசியிலிருந்து மார்கழி வரை நிற்கும். ஆகவே விழுந்தும் கேட்டும் பழகினதைச் சொல்கிறோம்.

நேராக உருள்வதற்குப் பெரிய பிடி தேவையில்லை. காலைப் பக்கவாட்டில் தள்ளுவதற்கும், திரும்புவதற்கும், நிற்பதற்கும்தான் பிடி வேணும். ஆகவே ஈரத்தில் அகப்பட்டால் நீட்டித் தள்ளாமல், உடம்புக்குக் கீழேயே கட்டையாகத் தள்ள வேணும். முழங்காலை மடித்து, கால்களை அகட்டி வைக்க வேணும். நிற்க வழக்கத்தைவிடக் கனதூரம் எடுக்கும் என்று முதலே கணக்குப் போட வேணும். சரிவான இடமென்றால் வெட்கப்படாமல் கழற்றிவிட்டு நடக்கலாம்.

மழை தொடங்கின முதல் சில நிமிடங்கள்தான் மிக மோசம். றோட்டில் படிந்த எண்ணெயும் புழுதியும் தண்ணீரோடு கலந்து மேலே வரும். பெயின்ற் கோடு, இரும்பு மூடி, விழுந்த இலை, பாசி பிடித்த சீமெந்து, இந்த நாலையும் கண்டால் சுற்றிப் போக வேணும். சில்லின் மென்மையைக் குறிக்க அதன் மேல் 78ஏ, 85ஏ என்று இலக்கம் போட்டிருக்கும். இலக்கம் குறைந்தால் சில்லு மென்மை. மென்மையான சில்லு ஈரத்தில் கொஞ்சம் கூடப் பிடிக்கும். கொஞ்சம்தான்.

மணிக்கட்டுக் காப்பு இல்லாமல் இறங்க வேண்டாம். விழும்போது எல்லாரும் கையைத்தான் ஊன்றுகிறோம். 1996இல் அமெரிக்காவில் வெளியான மருத்துவ ஆய்வொன்று, காப்பு போடாதவர்களுக்கு மணிக்கட்டில் காயம் வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பத்து மடங்கு என்று கண்டது. நாங்கள் விழுந்த அன்று முழங்கால்தான் உரிந்தது. கை தப்பியது காப்பால்.

கடைசியாகப் பெயரிங். ஒரு சில்லுக்கு இரண்டு, ஒரு காலுக்கு நான்கு சில்லு, ஆக ஒரு சோடிக்கு 16. தண்ணீர் போனால் கிறீஸ் கழுவுப்பட்டு, இரண்டு நாளில் கறள் பிடிக்கும். நாங்கள் விழுந்த மூன்றாம் நாள் சில்லுகள் கரகரத்தன. சந்தியில் இருக்கிற சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்கார ஐயா இதைக் கண்டதே இல்லை. ஒரு சில்லைக் கழற்றி விரலில் வைத்துச் சுத்திப் பார்த்தார்.

"உதுக்கு ஏன் தம்பி பயப்பிடுறியள், சைக்கிள் போல்ஸ் மாதிரித்தானே. மூடியைக் கழட்டி மண்ணெண்ணெயில அலசி, நல்லாக் காயவிட்டு, ஒரு துளி எண்ணெய் விடுங்கோ. நனைஞ்ச அண்டைக்கே செய்யவேணும். நாளைக்கு எண்டு வைச்சால் கறள்தான்."

பேர்மிங்காமில் 1877இல் நடந்ததை நாங்கள் புத்தகத்தில் வாசித்தோம். அவர் அதைக் கையில் வைத்திருந்தார். காசு வாங்கவில்லை. 16இல் 14 தப்பியது.

மார்கழி கடைசியில் வெயில் எறித்த ஒரு பின்னேரம், அதே கடவைக்குத் திரும்பிப் போனோம். கோட்டைக் குனிந்து தொட்டுப் பார்த்தோம். காய்ந்திருந்தது. ஆச்சி மதிலடியில்தான் நின்றார். பிளிம்ப்டனின் கதையை எங்கட பாணியில் சொன்னோம். வைத்தியர் சொல்லித்தான் தொடங்கினது ஆச்சி, முப்பத்தைந்து வயசில. அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப முழங்கால் நோவுக்கு நல்லதோ?"

இல்லை ஆச்சி, அதற்கு நல்லதில்லை என்று உண்மையைச் சொன்னோம். சிரித்துவிட்டு, "பாத்துப் போங்கோ, முடக்கில பைப் தண்ணி ஓடுது" என்றார். அந்த முடக்கில் கழற்றிவிட்டு நடந்தோம்.